டின்னுக்குள் எந்த மீன்? டிஎன்ஏ ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

கேள்வி: கோவையில் உறைந்த கடலுணவும் டின் மீனும் மொத்தமாக வாங்கி ஹோட்டல்களுக்கும் சிறு கடைகளுக்கும் கொடுத்துவருகிறேன். ‘வஞ்சிரம் ஃபிஷ் ஃபிங்கர்’ என்று நான் கொடுத்த சரக்கைப் பொரித்துப் பார்த்த ஒரு ஹோட்டல் மாஸ்டர், “சார், இது வஞ்சிரமே இல்லை” என்று சொல்லிவிட்டார். மனசு கேட்காமல் அதையும், கூடவே இன்னும் இரண்டு பொருள்களையும் ஒரு தனியார் லேபுக்கு டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினேன். ‘யெல்லோஃபின் டூனா’ டின்னுக்கு “பெருக்கம் நிகழவில்லை, இனம் கண்டறிய இயலவில்லை” என்று வந்தது. ஃபிஷ் ஃபிங்கருக்கு “பங்காசியனோடான் ஹைப்போஃப்தால்மஸ், 99.8 சதவீதப் பொருத்தம்”. ஃபிஷ் பாலுக்கு “கலப்பு வரிசை, முடிவில்லை”. மூன்றுக்கும் பணம் வாங்கிக்கொண்டு இரண்டுக்குப் பதில் இல்லை என்கிறார்களே, லேப் என்னை ஏமாற்றுகிறதா? டின்னில் ஒன்றும் வரவில்லை என்றால் அதில் மீனே சரியில்லை என்று அர்த்தமா? இந்த ரிப்போர்ட்டை வைத்து சப்ளையரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

லேப் உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் பணம் வாங்கும் முன் உங்களிடம் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. நீங்கள் அனுப்பியவை மூன்றும் மூன்று விதமாகப் பதப்படுத்தப்பட்டவை. பச்சை மீனுக்குச் செய்கிற ஒரே பரிசோதனையை மூன்றுக்கும் செய்திருக்கிறார்கள் என்பது ரிப்போர்ட்டின் வாசகத்திலேயே தெரிகிறது. ஒன்றில் பலித்தது, இரண்டில் பலிக்கவில்லை. பலிக்காதது ஆச்சரியமே இல்லை. தொழிற்சாலையில் மீனை எவ்வளவு வேகவைத்தார்கள், எதோடு அரைத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் பரிசோதனை பலன் தரும், எந்தக் கேள்விக்குப் பதில் வரும் என்பதெல்லாம் அமையும்.

உங்களுக்கு அவசரம் ஃபிஷ் ஃபிங்கர்தான், தெரிகிறது. இருந்தாலும் டின்னிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் மற்ற இரண்டையும் விளக்க அதிக நேரம் ஆகாது.

தலை, துடுப்பு, தோல் எல்லாம் இருந்தால் மீனை அடையாளம் காண லேப் எதற்கு? காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். தோலுரித்துத் துண்டு போட்டபின்தான் சிக்கல் வருகிறது. டிஎன்ஏ வருவதற்கு முன்னால் லேப்களில் மீன் சதையின் புரதங்களை மின்சாரம் பாய்ச்சிப் பிரித்து, அந்தக் கோடுகளின் அமைப்பை வைத்து இனத்தைச் சொல்வார்கள். பச்சை மீனுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. வேகவைத்த மீனில் புரதம் உருமாறிவிடுவதால் அந்த வழி அடைபட்டுப்போனது. டிஎன்ஏ புரதத்தைவிடச் சூடு தாங்கும். அதிலும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிற டிஎன்ஏ சிறியது, மீன்களில் சுமார் 16,500 எழுத்துகள் (டிஎன்ஏ இழையின் அடிப்படை அலகுகளைத்தான் எழுத்து என்கிறோம்) கொண்ட ஒரு வளையம். ஒரே செல்லுக்குள் அதன் பிரதிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். அதில் சிஓஐ என்ற மரபணுவின் சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியைப் படித்தால் பெரும்பாலான விலங்கினங்களைப் பிரித்தறியலாம் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டின் குழு 2003-இல் முன்வைத்தது. டிஎன்ஏ பார்கோடு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-இலிருந்து மீன்களின் பெயரைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்துகிறது. உங்கள் லேபும் இதையே செய்திருக்கிறது.

இப்போது டின்னுக்கு வருவோம். டூனாவை முதலில் ஆவியில் வேகவைத்து, முள்ளும் தோலும் நீக்கி, டின்னில் அடைத்து மூடியபின் மறுபடி அழுத்தக் கலத்தில் 115 முதல் 121 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். ஆக, இரண்டு முறை வேகிறது. கிருமிகளுக்காகச் செய்கிற இந்த வேலையில் டிஎன்ஏவும் துண்டு துண்டாகிவிடும். மிஞ்சுவதில் பெரும்பாலானவை நூறு, இருநூறு எழுத்து நீளம்தான் இருக்கும். தக்காளி சாஸிலோ வினிகரிலோ போட்ட மீன் என்றால் நிலைமை இன்னும் மோசம், புளிப்பும் சூடும் சேர்ந்தால் டிஎன்ஏ வேகமாக அறுந்துபோகும்.

டிஎன்ஏவின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துப் பெருக்குவதுதான் பிசிஆர் முறை. அதில் நாங்கள் படியெடுக்க விரும்பும் பகுதியின் இரண்டு முனைகளிலும் ப்ரைமர் என்ற சிறு துண்டு ஒட்ட வேண்டும். இரு முனைகளும் அறுபடாத ஒரே இழையில் இருந்தால்தான் நகல் வரும். ஒரு பக்கக் கடிதத்தை விரல் அகலத் துண்டுகளாகக் கிழித்துப் போட்டுவிட்டு, “அன்புள்ள” என்ற தொடக்கமும் கீழே இருக்கும் கையெழுத்தும் ஒரே துண்டில் இருக்கிறதா என்று தேடினால் கிடைக்குமா? கடிதம் அங்கேதான் இருக்கிறது, அந்த அளவு துண்டுதான் இல்லை. “பெருக்கம் நிகழவில்லை” என்பதன் பொருள் இவ்வளவுதான். டின்னில் மீன் இல்லை என்றோ, மீன் கெட்டது என்றோ, சப்ளையர் ஏமாற்றினார் என்றோ அதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது. சப்ளையர் நல்லவர் என்பதற்கும் அது சாட்சி இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. 650 எழுத்துக்குப் பதிலாக நூறு, நூற்றைம்பது எழுத்துள்ள சிறு பகுதியைப் படிக்கும் ‘மினி பார்கோடு’ முறை, அல்லது சைட்டோகுரோம் பி என்ற இன்னொரு மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் சிறு துண்டு. டின் டூனாவை இப்படிச் சோதிப்பது புதிய வித்தையும் இல்லை, 1990-களிலேயே செய்துவிட்டார்கள். லேபிடம் நீங்கள் கேட்க வேண்டியது: “எத்தனை எழுத்து நீளமுள்ள துண்டைப் பெருக்கப் பார்த்தீர்கள்? டின் மீனுக்கென்று சிறு துண்டு முறை உங்களிடம் உண்டா?” கூடவே இன்னொன்று. எண்ணெயும் உப்பும் பிசிஆர் வேலையையே தடுத்துவிடலாம். அப்படித் தடுக்கவில்லை என்று காட்ட ஒரு கட்டுப்பாட்டு மாதிரி வைத்தார்களா என்று கேளுங்கள். இதற்கு நேராகப் பதில் சொல்லும் லேபோடு தொடர்ந்து வேலை செய்யலாம்.

பதப்படுத்திய பொருளிலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியுமா என்ற சந்தேகம் உங்களுக்கு இன்னும் இருந்தால் ஒரு கதை. ஸ்காட் பேக்கர், ஸ்டீபன் பலும்பி என்ற இரு விஞ்ஞானிகள் 1993-இல் ஜப்பானியக் கடைகளில் விற்ற திமிங்கில இறைச்சியைச் சோதிக்க நினைத்தார்கள். அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சைட்ஸ் ஒப்பந்தத்தின்படி அந்த இறைச்சியை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் கையோடு கொண்டுபோகும் பிசிஆர் கருவியை ஹோட்டல் அறையிலேயே வைத்து டிஎன்ஏவைப் பெருக்கி, அந்த நகலை மட்டும் ஊருக்கு எடுத்துப்போய்ப் படித்தார்கள். வாங்கியவற்றில் எள்ளெண்ணெயிலும் சோயா சாஸிலும் ஊறவைத்து உலர்த்திய துண்டுகளும் இருந்தன. அந்த நாளில் ஜப்பான் ஆராய்ச்சி என்ற பெயரில் பிடித்துக்கொண்டிருந்தது மின்கே திமிங்கிலத்தை. சோதனையிலோ ஃபின், ஹம்ப்பேக் திமிங்கிலங்களும் வந்தன, டால்பின் இறைச்சியும் வந்தது. அதை ஊறவைத்து உலர்த்தியிருந்தார்களே தவிர 121 டிகிரியில் வேகவைக்கவில்லை, அந்த வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது. நம்மூர்க் கருவாடும் அப்படித்தான்: உப்பும் வெயிலும் படுவதால் ஓரளவு சேதம் இருக்கும், ஆனாலும் முழு நீளப் பார்கோடே பல நேரம் கிடைத்துவிடும். மாசிக் கருவாடு அவித்துப் புகையிட்டுக் காயவைத்தது. அதற்குச் சிறு துண்டு முறை பாதுகாப்பானது.

சரி, சிறு துண்டு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். டூனாவில் இன்னொரு தலைவலி காத்திருக்கிறது. யெல்லோஃபின், பிக்ஐ, அல்பகோர், புளூஃபின் எல்லாம் துன்னஸ் என்ற ஒரே பேரினம். மிக நெருங்கிய உறவு, அதனால் டிஎன்ஏ எழுத்துகளில் வேறுபாடு மிகக் குறைவு. முழு 650 எழுத்தைப் படித்தாலே சில இணைகளைப் பிரிப்பது சிரமம், நூறு எழுத்தில் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு, எப்போதோ நடந்த கலப்பினால் அட்லாண்டிக் புளூஃபின் மீன்களில் சில அல்பகோரின் மைட்டோகாண்ட்ரியாவைச் சுமந்துகொண்டு திரிகின்றன. அவற்றைப் பிரிக்க மைட்டோகாண்ட்ரியாவில் வேகமாக மாறும் வேறொரு பகுதியையும், உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஸ்கிப்ஜாக் அப்படி இல்லை. அது கட்சுவோனஸ் என்ற வேறு பேரினம், சிறு துண்டிலேயே தனியாகத் தெரிந்துவிடும். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் உங்களுக்கு இதுதான் முக்கியம். உலகில் வணிகத்துக்காகப் பிடிக்கும் முக்கிய டூனா வகைகளில் பாதிக்கு மேல் ஸ்கிப்ஜாக்தான், விலையும் யெல்லோஃபினைவிடக் குறைவு. யெல்லோஃபின் டின்னில் யாராவது கைவைத்தால் ஸ்கிப்ஜாக்கைத்தான் போடுவார்கள். அதனால் லேபிடம் “இது என்ன இனம்?” என்று பொதுவாகக் கேட்காமல், “இது துன்னஸா, ஸ்கிப்ஜாக்கா?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் வராமல் போகலாம், இரண்டாவதற்குப் பெரும்பாலும் வந்துவிடும். துன்னஸ்தான் என்று வந்தால், யெல்லோஃபினா பிக்ஐயா என்று துருவுவதற்கு மேலும் செலவு செய்வது என்னைக் கேட்டால் வீண்.

டின்னைத் திறந்ததும் மொத்தத்தையும் அரைத்து மாதிரி எடுக்காமல், பெரிய துண்டுகளைத் தனித்தனியாக எடுத்து, அவற்றின் உட்புறத்திலிருந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு துண்டு ஒரு மீனிலிருந்துதான் வந்திருக்கும். அரைத்துவிட்டால் பல மீன்கள் கலந்து வரிசை குழம்பிவிடும். உதிர்த்த டூனா என்றால் இந்த வசதி கிடையாது.

இதற்கெல்லாம் முன்னால் லேபிளைப் பாருங்கள். உங்கள் டின்னில் ‘யெல்லோஃபின்’ என்று தெளிவாக இருப்பதால்தான் கேள்வியே எழுகிறது. வெறுமனே ‘டூனா’ என்று மட்டும் இருந்திருந்தால், உள்ளே ஸ்கிப்ஜாக் இருப்பது மோசடி ஆகாது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு டின் டூனாவுக்கு வகுத்த பட்டியலில் ஸ்கிப்ஜாக்கும் உண்டு. மத்தி டின் இன்னும் வேடிக்கை. கோடெக்ஸின் சார்டின் தரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நம் மத்தி அதில் உண்டு, வட கடல் ஹெர்ரிங் உண்டு, நெத்திலி இனத்து மீன்கள்கூட உண்டு. தங்கள் கடலில் கிடைக்கும் ஒரே இனத்தைத்தான் சார்டின் என்று விற்கலாம் என்று ஐரோப்பா பிடிவாதம் பிடிக்க, பெரு நாடு உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2002-இல் ஜெயித்தது. லேபிள் எதைச் சொல்கிறதோ அதைத்தான் டிஎன்ஏவை வைத்துச் சரிபார்க்க முடியும். லேபிளே மொட்டையாக இருந்தால் பரிசோதனைக் காசு தண்டம்.

இனி ஃபிஷ் ஃபிங்கர். மாவும் ரஸ்க் தூளும் பூசி எண்ணெயில் சில விநாடிகள் போட்டு எடுத்து உறையவைத்த பொருள் அது. மேலே பொன்னிறமாக இருந்தாலும் உள்ளே மீன் கிட்டத்தட்டப் பச்சைதான். அதனால் முழு நீளப் பார்கோடு கிடைத்திருக்கிறது, 99.8 சதவீதப் பொருத்தமும் வந்திருக்கிறது. பங்காசியனோடான் ஹைப்போஃப்தால்மஸ் என்பது சந்தையில் பாசா என்று விற்கப்படும் வளர்ப்புக் கெளுத்தி. உண்மையான பாசா இதற்கு உறவான வேறொரு இனம், ஆனால் வியாபாரத்தில் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வியட்நாமின் மீகாங் பகுதியில் பெருமளவில் வளர்க்கிறார்கள், ஆந்திராவிலும் வளர்க்கிறார்கள். வஞ்சிரம் சூரையின் குடும்பத்தைச் சேர்ந்த கடல் மீன். வஞ்சிரத்தையும் கெளுத்தியையும் மாற்றிச் சொல்கிற அளவுக்கு இந்தப் பரிசோதனை மோசமில்லை. லேபுக்குப் போன அந்தத் துண்டு வஞ்சிரம் இல்லை. உங்கள் மாஸ்டர் நாக்கைப் பாராட்ட வேண்டும்.

பாசா கெட்ட மீன் இல்லை, அதைச் சாப்பிட்டு யாருக்கும் எதுவும் ஆகாது. பிரச்சினை பெயரும் விலையும். ஆனால் மீன் மாறுவதெல்லாம் இப்படிச் சாதுவாக முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2007-இல் சிகாகோவில் ‘மாங்க்ஃபிஷ்’ என்று வாங்கிய உறைந்த மீனைச் சமைத்துச் சாப்பிட்டு இருவர் நோயுற்றார்கள். மிச்சமிருந்த மீனின் டிஎன்ஏவைப் படித்தபோது அது பேத்தை மீன் இனம் என்று தெரிந்தது, அதன் நஞ்சும் உறுதியானது. அமெரிக்க சுஷி கடைகளில் ‘வெள்ளை டூனா’ என்ற பெயரில் எஸ்கோலார் பரிமாறப்படுவது இன்னொரு கதை. நம் உடலால் செரிக்க முடியாத மெழுகு போன்ற எண்ணெய் நிறைந்த மீன் அது, சற்று அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு. ஜப்பான் அதை 1970-களிலேயே தடைசெய்துவிட்டது. ஓஷியானா என்ற அமைப்பு 2010 முதல் 2012 வரை அமெரிக்காவில் 1,215 மாதிரிகளைச் சோதித்ததில் மூன்றில் ஒன்றுக்குப் பெயர் தவறாக இருந்தது. ‘வெள்ளை டூனா’வில் 84 சதவீதம் எஸ்கோலார். அடிக்கடி மாற்றி விற்கப்படும் வகைகளையே தேடிப் பிடித்துச் சோதித்தார்கள் என்பதால், விற்கிற மீனில் மூன்றில் ஒரு பங்கு போலி என்று இதைப் படிக்கக் கூடாது. பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின.

சப்ளையரிடம் போவதற்கு முன் உங்கள் ரிப்போர்ட்டின் பலவீனங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் முதலில் சொல்லப்போவது, “நீங்களே வேறு மீனை அனுப்பியிருப்பீர்கள்”. பிரித்த பெட்டியிலிருந்து எடுத்து அனுப்பியிருந்தால் அதற்கு உங்களிடம் பதில் இல்லை. ஒரே ஒரு துண்டைத்தான் சோதித்திருக்கிறார்கள் என்றால், “அந்த ஒன்று தவறி வந்திருக்கும்” என்பார். எனவே அதே பாட்ச் எண் உள்ள, சீல் உடையாத பாக்கெட்டுகளை எடுங்கள். அவருடைய ஆளையும் வரச்சொல்லி, அவர் எதிரிலேயே மூன்று பங்காகப் பிரித்து சீல் வையுங்கள்: லேபுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. எந்த லேப் என்பதையும் அப்போதே இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஆள் அனுப்ப மறுத்தால் அந்த மறுப்பையும் மெயிலில் வாங்கி வையுங்கள். முன்வந்து ஒப்புக்கொள்கிற சப்ளையர்களும் இருக்கிறார்கள். பல நேரம் அவரையே மேலே இருக்கிற யாரோ ஏமாற்றியிருப்பார்கள்.

லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு என்ஏபிஎல். லேபின் என்ஏபிஎல் அங்கீகாரத்தைப் பார்க்கும்போது சான்றிதழை மட்டும் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். அங்கீகாரம் பரிசோதனை வாரியாகத் தரப்படுவது. ஈரப்பதம் அளக்க அங்கீகாரம் பெற்ற லேபுக்கு மீன் இனம் கண்டறிய அங்கீகாரம் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர்களுடைய அங்கீகாரப் பட்டியலில் ‘டிஎன்ஏ மூலம் இனம் கண்டறிதல்’ இருக்கிறதா என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் முதலில் பொருந்திய ஒரு பெயரை மட்டும் போடாமல், அடுத்தடுத்துப் பொருந்திய இனங்களையும் சதவீதத்தோடு தரச்சொல்லுங்கள். பொதுத் தரவுத்தளங்களில் யாரோ மீனைத் தவறாக அடையாளம் கண்டு பதிவேற்றிய வரிசைகளும் கிடக்கின்றன. முதல் நான்கைந்து பொருத்தமும் ஒரே இனத்தைக் காட்டினால் நிம்மதி. மேலே ஓர் இனமும் அடுத்த வரியில் வேறோர் இனமும் அதே சதவீதத்தில் நின்றால், அந்த ரிப்போர்ட்டை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

சட்டத்தில் உங்களுக்குப் பிடி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, உங்களுக்குச் சரக்கு விற்பவர் அதன் தன்மை, தரம் பற்றி எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும் என்கிறது. பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும். எனவே பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் ‘வஞ்சிரம்’ என்று இருக்கிறதா, வெறும் ‘ஃபிஷ் ஃபிங்கர்’ என்று மட்டும் இருக்கிறதா? இரண்டாவது என்றால் பெட்டியின் லேபிளைத்தான் நம்ப வேண்டும், அதையும் படமெடுத்து வையுங்கள். தனியார் லேப் ரிப்போர்ட் பேரம் பேசவும் பணம் திரும்பக் கேட்கவும் உதவும். அரசு வழக்குத் தொடுக்க வேண்டும் என்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் முறைப்படி மாதிரி எடுக்க வேண்டும். அவர் அதை நான்கு பங்காகப் பிரித்து சீல் வைப்பார். வாங்குகிறவரே நேரடியாக உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் செலுத்திச் சோதிக்க 40-ஆம் பிரிவு இடம் தருகிறது, ஆனால் சோதிக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சட்டத்தின் கண்ணில் நீங்களும் விற்பவர். ரிப்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து, “எனக்குத் தெரியாது” என்று சொல்லும் வசதி உங்களுக்குப் போய்விட்டது. அந்தப் பாட்சை ‘வஞ்சிரம்’ என்ற பெயரில் இனி ஒரு பாக்கெட்கூட வெளியே விடாதீர்கள். தவறான லேபிளோடு உணவு விற்றால் 52-ஆம் பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். சரக்கைத் தனியாக வைத்து ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி ஒட்டுங்கள். ஹோட்டலுக்கு நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லுவார்.

ஃபிஷ் பாலுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது பெரும்பாலும் சுரிமியிலிருந்து செய்வது. மீன் சதையை அரைத்து, தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, சர்க்கரை சேர்த்து உறையவைத்த வெள்ளை விழுது சுரிமி. வட பசிபிக்கின் அலாஸ்கா பொல்லாக்கில் செய்வார்கள், நம் மேற்குக் கடற்கரைத் தொழிற்சாலைகளில் சங்கரா இனத்து மீன்களில் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். ஒரு பாட்சில் நான்கைந்து வகை மீன் இருப்பது சகஜம். உங்கள் லேப் பயன்படுத்திய சாங்கர் முறை ஒரு நேரத்தில் ஒரு வரிசையைத்தான் படிக்கும். இரண்டு மீன் கலந்தால் ஒரே இடத்தில் இரண்டு எழுத்து மேலும் கீழுமாகத் தெரியும். “கலப்பு வரிசை” என்று அவர்கள் எழுதியது நேர்மையான பதில்.

கலவையைப் பிரித்துப் படிக்க மெட்டாபார்கோடிங் என்ற முறை இருக்கிறது. லட்சக்கணக்கான சிறு துண்டுகளைத் தனித்தனியாகப் படித்து, இன்னின்ன இனங்கள் இருக்கின்றன என்று பட்டியல் தரும். கடல்நீரில் கரைந்திருக்கும் டிஎன்ஏவை வைத்து மீன்களை அறிவதற்காக ஜப்பானியர்கள் 2015-இல் வெளியிட்ட மைஃபிஷ் ப்ரைமர்கள் சுமார் 170 எழுத்தையே படிப்பதால், பதப்படுத்திய உணவுக்கும் கைகொடுக்கின்றன. செலவு அதிகம். பட்டியலில் ‘பொல்லாக் 60 சதவீதம்’ என்று வந்தால் சதையில் 60 சதவீதம் பொல்லாக் என்று நினைத்துவிடாதீர்கள். மைட்டோகாண்ட்ரியா எண்ணிக்கை சதைக்குச் சதை மாறும், ப்ரைமர் சில இனங்களில் நன்றாக ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. முந்தைய பாட்சின் மிச்சம் இயந்திரத்தில் ஒட்டியிருந்தால் அதுவும் பட்டியலில் ஏறிவிடும். இருக்கிறதா இல்லையா என்பதற்கு நல்ல முறை, எவ்வளவு என்பதற்கு இல்லை.

லேபிளில் ‘மீன்’ என்று மட்டும் இருக்கும் ஃபிஷ் பாலுக்கு இந்தச் செலவு வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர்கள் கவலைப்படுவது வேறாக இருக்கும். பன்றி, கோழி கலந்திருக்கிறதா என்று கேட்டால், அந்தந்த விலங்குக்கென்றே இருக்கும் பிசிஆர் சோதனை மலிவானது, பதிலும் தெளிவாக வரும். இறால் ஒவ்வாமை பற்றிக் கேட்டால் டிஎன்ஏ பக்கமே போகாதீர்கள். ஒவ்வாமை தருவது இறாலின் புரதம், அதனால் புரதத்தை அளக்கும் எலைசா சோதனையைக் கேளுங்கள்.

அடுத்த ஆர்டரிலிருந்து பர்ச்சேஸ் ஆர்டரில் மீனின் அறிவியல் பெயரை எழுதுங்கள். வஞ்சிரத்துக்கு ஸ்காம்பெரோமோரஸ் காமர்சன், யெல்லோஃபினுக்கு துன்னஸ் அல்பகேர்ஸ். ஐரோப்பாவில் பச்சையாகவும் உறையவைத்தும் விற்கும் மீனுக்கு அறிவியல் பெயர் தருவது கட்டாயம், டின்னுக்கு அங்கேயும் அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள் இரண்டுக்கும் கேளுங்கள். பில்லிலும் அதே பெயர் வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், லேபில் உங்கள் மூன்று மாதிரிகளின் மிச்சம் இன்னும் இருக்கக்கூடும். ரிப்போர்ட் கொடுத்த சில வாரங்களில் அதை அழித்துவிடுவது வழக்கம். சப்ளையரிடம் பேசி முடிக்கும்வரை ஃபிஷ் ஃபிங்கர் மாதிரியையும் அதிலிருந்து எடுத்த டிஎன்ஏவையும் உறைநிலையில் வைத்திருக்கும்படி இன்றே மெயில் அனுப்பிவிடுங்கள். பிரித்தெடுத்த டூனா டிஎன்ஏ இருந்தால் புதிய டின் அனுப்பக்கூடத் தேவையில்லை, அதிலேயே சிறு துண்டு சோதனையைச் செய்துபார்க்கச் சொல்லலாம்.